எங்கட ஆளுக்குத்தான் கூ

அழுதுகிட்டே பஸ் ஏறிட்டான் எண்டு உனக்கு ஆரு புள்ள சொன்ன? பொய். என்ட பேத்திட மாப்பிள எங்கயும் போகல்ல. பையத் தூக்கினது மட்டும் மெய்.

நீ பக்கத்து ஊட்டுக்குப் புதுசா வந்தவ, கேளு. அவன் சிலாபத்துப் பக்கம், தேங்காய் உரிச்சுப் பழகின கை. கலியாணம் முடிச்சு எங்கட ஊட்டோட வந்திருந்தவன், நானும் கடலுக்குப் போறன் எண்டான். தலைக்கு எண்ணெயெல்லாம் வச்சு, பொண்டாட்டி கரையில நிண்டு பாக்க, எஞ்சின இழுத்தான். எஞ்சின் கத்துது, தண்ணி கலங்குது, போட் நிண்ட இடத்துலயே சுத்துது. நங்கூரத்தத் தூக்கல்லியே ராசா!

கரை முழுக்கக் கூ அடிச்சது. கூ அடிக்கிற எண்டா சும்மா சிரிக்கிறதில்ல. கைய வாயில குவிச்சு, "கூஊஊ" எண்டு அடுத்த மீன் வாடிக்கும் கேக்கக் கத்துற. பள்ளியில பாங்கு சொன்னாத்தான் நிப்பாட்டுவாங்க.

மாப்பிள ஊட்டுக்கு வந்து பையில உடுப்பத் திணிக்கிறான். பேத்தி மூக்கச் சிந்துறாள்.

"உம்மம்மா, மரியாத இல்லாத ஊர்ல என்னால இருக்க ஏலா" எண்டான்.

"மீன் வாங்க வந்த கொழும்பு முதலாளி இதே தண்ணிக்குள்ள தொபுக்கெண்டு விழுந்தாரு. ஆரும் கூ அடிச்சாங்களா? மாத்திக் கட்டச் சாரமும் குடுத்து, பிளேன்டீயும் ஊத்திக் குடுத்தாங்க. அவரு வேற ஆள், மகனே. உனக்கு அடிச்சாங்க எண்டா நீ எங்கட ஆள்."

கேப்பானா? பையோட போய், கரைக்கு நேர பஸ்ஸுக்கு நிக்கிறான். அந்த நேரம் பாத்து, அவனுக்குப் பெரிசாக் கூ அடிச்ச போட்டுக்காரச் சம்மாட்டி, பெற்றோல் பாக்காமக் கடலுக்குப் போனவரு, எஞ்சின் நிண்டு துடுப்பால தண்ணியக் கிண்டிக் கிண்டி வாறாரு. கரை விடுமா? நானும் வேலிக்குள்ள நிண்டு அடிச்சன். எல்லாத்துக்கும் மேலால ஒரு கூ வருது, தென்னந்தோட்டத்துல தூரத்து ஆளக் கூப்பிடுற மாதிரி நீட்டா. பாத்தா, பைய நிலத்துல போட்டுட்டு, ரெண்டு கையும் வாயில, எங்கட மாப்பிள!

சம்மாட்டி தண்ணிக்குள்ள இருந்தே கத்துறாரு. "டேய் நங்கூரம்! பல்லக் காட்டாம வந்து போட்டக் கரைக்கு இழுடா!"

சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினான். பஸ் ஹோன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டு. பைய நான்தான் தூக்கிட்டு வந்த.

இந்தா, கேக்குதா? அவன்ட கூதான். ஆருக்கு அடிக்கிறான்... அல்லாவே, எனக்குத்தான் புள்ள! நான் காயப்போட்ட கருவாட்டுப் பாயில காகம்! அந்தத் தடிய எடு, எடு!