சங்கீதா வாங்கிய டைவ் கம்ப்யூட்டர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் சங்கீதாவை எல்லாருக்கும் கறாரான மேடம் என்றுதான் தெரியும். அவள் ஒரு காலத்தில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தியவள் என்று சொன்னால், கம்பெனி பஸ்ஸில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த ஆசையை அவளுக்கு ஒட்டவைத்தவள் ஜஹீதா. இருவரும் ஒரே மேஜையில் தோலைப் புரட்டிப் புரட்டிக் குறை தேடியவர்கள். பாண்டிச்சேரியில் டைவிங் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜஹீதாதான் கிளப்பினாள்.

"உடம்பு பூரா மூடுற ரப்பர் சட்டைடி. எங்கம்மாவே ஒண்ணும் சொல்ல முடியாது."

பயிற்சி முடித்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போய்வந்தார்கள். டைவ் கம்ப்யூட்டரை அங்கேயே வாடகைக்கு எடுப்பார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அந்தக் கருவி, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், அங்கே இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும். வேகமாக மேலே ஏறினால் கத்தும்.

கடைசியாகப் போனபோது முதல் டைவ் முடிந்து படகில் ஏறியதும் சங்கீதாவின் கருவி அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றுக் கருவி இல்லை. அது இல்லாமல் இறக்க முடியாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். ஜஹீதாவும் இறங்கவில்லை.

"நீ இல்லாம நான் மட்டும் மீனுங்ககிட்ட இன்னா பேசப்போறேன்?"

இருவரும் படகின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே போனவர்களின் மூச்சுக் குமிழிகள் அங்கங்கே மேலே வந்து உடைந்தன. அப்போதுதான் ஜஹீதா, "எங்க வீட்டுக்காரருக்கு பெங்களூருக்கு மாத்தல் வந்துடுச்சு" என்றாள். சங்கீதா கையிலிருந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டினாள்.

அதோடு கடல் நின்றுபோனது. மிஞ்சியது போன்தான். கம்பெனியில் எதிர் நாற்காலியில் வேறு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், போனார்கள். நல்ல தோல் ஒன்று கைக்கு வந்தால் சங்கீதா இன்றைக்கும் சட்டென்று நிமிர்ந்து எதிரே பார்ப்பாள்.

போன மார்கழியில் ஜஹீதா கூப்பிட்டாள். "பசங்க காலேஜ் போய்ட்டாங்க. திரும்பப் போலாமாடி? ஆனா வாடகைக் கருவி வேணாம். எனக்கு என் பையன் வாங்கிக் குடுத்துட்டான். நீயும் சொந்தமா ஒண்ணு வாங்கிடு."

சங்கீதா சென்னையில் ஒரு கடைக்குப் போனாள். விற்பனையாளர் முதலில் எடுத்து வைத்தது வண்ணத் திரை போட்டது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக்கூடக் காட்டுமாம். அழகாகத்தான் இருந்தது. கடலுக்கடியில் மூக்குக் கண்ணாடி போட முடியாதே என்று அவள் அதைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். எண்கள் எறும்புகள் மாதிரி தெரிந்தன. முன்பெல்லாம் தோலில் ஊசிமுனைக் கீறலைக்கூட வெறுங்கண்ணால் பிடித்தவள்.

வீடியோ காலில் வந்த ஜஹீதா, "கலர் இன்னாத்துக்கு? அங்க மீனுங்களே கலர்தான். பேட்டரி எப்படின்னு கேளு" என்றாள்.

"சார்ஜ் போடணும் மேடம்" என்றார் விற்பனையாளர்.

வருஷம் முழுக்க பீரோவில் கிடக்கப்போகிற கருவிக்கு ஞாபகமாக யார் சார்ஜ் போடுவது? சங்கீதா அடுத்ததைக் கேட்டாள். தடிமனான கறுப்புக் கருவி. பெரிய பெரிய எண்கள், இரண்டே பொத்தான்கள். காற்றுக்குத் தனி மீட்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் பின்மூடியைத் திருகித் திறந்து, வாட்ச் கடையில் கிடைக்கும் பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். விலையும் கம்மி.

"எப்பவாவது போறவங்களுக்கு இதுவே ஜாஸ்தி, மேடம்" என்று விற்பனையாளரே ஒப்புக்கொண்டார்.

தை மாதம் பாண்டிச்சேரியில் சந்தித்தார்கள். பழகியது விட்டுப்போயிருந்ததால் முதலில் நீச்சல் குளத்தில் ஒத்திகை, மறுநாள் கடல். திரும்பி ஏறும் வழியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பு ஆழத்தின் அழுத்தத்திலிருந்து மீள சில நிமிஷம் நிற்க வேண்டும். சங்கீதாவின் கையில் பெரிய எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எதிரே ஜஹீதா. இத்தனை வருஷம் போனில் ஓயாமல் பேசியவர்கள், இப்போது பேச முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜஹீதா கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கருவி நேரம் முடிந்தது என்று காட்டியது. இருவரும் அசையவில்லை. மேலே ஏறச் சொல்லி வழிகாட்டி கட்டைவிரலை உயர்த்தி இரண்டு முறை சைகை காட்ட வேண்டியிருந்தது.