கச்சானுக்கு ஒரு ஜெட், வாடைக்கு ஒரு ஜெட்

மோட்டார் சைக்கிள் பட்டறைத் தொழிலில் வண்டியைப் பழுது பார்ப்பது கால்வாசி வேலை. பழுது காற்றில் இருக்கிறது என்று வண்டிக்காரரை நம்பவைப்பதுதான் மிச்ச முக்கால்வாசியும். கிக்கரை உதைத்து உதைத்து முழங்கால் கழன்றவர்களே, நடுரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது எதிரே சம்பந்தி வீட்டார் வரக் கண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். பட்டாளம் ஏலம்விட்ட மோட்டார் சைக்கிள்கள் தூத்துக்குடித் தெருவெங்கும் புகைவிட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் குளிர்தேசத்தில் செய்தவை. குளிர்ந்த காற்று கனமானது. அதற்கு ஈடாக நிறையப் பெட்ரோல் விடுகிற பெரிய ஜெட்டை வைத்து அனுப்பியிருந்தார்கள். ஜெட் என்றால் வேறொன்றுமில்லை, கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவிலுள்ள நுண்ணிய துளை வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போயாக வேண்டும். நம்மூர் வெயிலில் காற்று மெலிந்துபோகிறது. பெட்ரோலோ பழைய அளவிலேயே கொட்டுகிறது. அப்புறம் கரும்புகை, திக்கல், நடுவழியில் நின்றுபோதல். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனால் ஒரு மனுஷருக்கும் புரியவில்லை!

நான் அப்போது காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்த சமயம், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தது. பட்டறை மூலையில் ஈஸிசேரில் அவர் சாய்ந்திருக்க, ஸ்பானரை நான் கையில் எடுத்தேன். அத்தனை ரகளையும் அதிலிருந்துதான் ஆரம்பம்.

அண்ணாச்சியின் நிபந்தனை

பட்டறை இருந்த கட்டிடம் தங்கவேல் அண்ணாச்சிக்குச் சொந்தம். உப்பள முதலாளி. நான் கையெல்லாம் கரியாக நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏளா, ஒங்க அப்பாவுக்குக் கண்ணு தெளியுத மட்டும் கடையைச் சாத்துங்க. இல்லைன்னா காலி பண்ணுங்க, நான் உப்பு மூட்டை அடுக்கிக்கிடுதேன். பொம்பளைப் பிள்ளை கரியைப் பூசிக்கிட்டு நிக்கதுக்கா இடம் விட்டேன்?” என்றார். கரிக்கு ஆண் பெண் தெரியுமா என்று கேட்டேன். அடுப்படியில் உங்கள் வீட்டுப் பெண்கள் பூசிக்கொள்ளாத கரியா என்று கேட்டேன். இன்னும் நாலைந்து கேட்டிருப்பேன், அதற்குள் அப்பா இருமினார். அந்தப் பட்டறை போனால் எங்கள் வீட்டுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இத்தனைக்கும் ஆள் உட்கார சைட்கார் என்கிற பக்க வண்டி வைத்த அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிளை அந்த நிமிஷம் அவருடைய உப்பளத்து ஆட்கள்தான் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். விடுவேனா? “உங்கள் வண்டியை ஓடவைத்துக் காட்டினால்?” என்றேன். “வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போறேன். போயிட்டுத் திரும்புத மட்டும் ஒரு எட்டுகூட நான் வண்டியைத் தள்ளக் கூடாது. தள்ளினேன்னா அன்னைக்கே சாவி என் கைக்கு வந்துரணும்” என்றார். சரி என்றேன். அதுவரை பக்க வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பொன்னுத்தாய் அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்: “போன தடவை ஆறுமுகநேரியில இருந்து வெயில்ல நடந்து வந்தவ நானு. அதையும் ஒங்க பேச்சில சேத்துக்கிடுங்க.”

மேஸ்திரி எங்கே?

துறைமுகத்து குமாஸ்தா ஒருவர் வந்தார். “மேஸ்திரி இல்லையா?” நான்தான் என்றேன். “இல்லம்மா, மேஸ்திரி வரட்டும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நுங்கு விற்கிறவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். மீசை வைத்த ஆண்பிள்ளை! குமாஸ்தா எழுந்து நின்று, வண்டி மத்தியானத்தில் திக்குவதையும், கரும்புகை விடுவதையும், மேலதிகாரி முன்னால் நின்று மானத்தை வாங்கியதையும் ஒன்றுவிடாமல் அவரிடம் கொட்டித் தீர்த்தார். நான் குறுக்கே பேசவே இல்லை. என் வாழ்நாளில் அப்படி வாய்மூடி இருந்தது அந்த ஒரு தடவைதான்.

நுங்குக்காரர் செம்புத் தண்ணீரையும் குடித்து, கதையையும் கேட்டு முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கென்னய்யா தெரியும்? என் சைக்கிள்ல காத்து இறங்கினாலே நான் அந்தப் பிள்ளைகிட்டதான் கொண்டாருவேன்.”

விடியலில் மட்டும் ஓடும் வண்டி

சாத்தான்குளத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர். அவர் வண்டி விடிகாலையில் குதிரை மாதிரி வரும். உச்சிவெயிலில் திரும்பிப் போகாது. ரேஷன் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்பது அவர் கட்சி. மண்ணெண்ணெய்க்கு மணி பார்க்கத் தெரியுமா, காலையில் ஏன் சும்மா இருக்கிறது என்பது என் கட்சி. “காத்து மெலியுதுன்னு சொல்லுதியே, தராசில நிறுத்துப் பாத்தியா?” என்றார். அரைமணி நேரம் வாதாடினோம். எனக்கு வெகு சந்தோஷம். காலேஜில்கூட இப்படி ஈடுகொடுத்துப் பேச ஆள் கிடைக்காது.

கடைசியில் எஞ்சினுக்குள் பொறி விடுகிற ப்ளக்கைக் கழற்றிக் காட்டினேன். விளக்குச் சிம்னிபோல் கரி. அப்பாவின் பழைய டப்பாவில் கிடந்த ஒரே ஒரு சின்ன ஜெட்டை மாட்டி, மேற்கேயிருந்து அனலாக வீசும் கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த நடுமத்தியானத்தில் அவரைப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக் கிராமம் வரை விரட்டினேன். நிற்காமல் போய்வந்தார். மறுபடி ப்ளக்கைக் கழற்றினோம். நன்றாக வெந்த எங்களூர் முந்திரி மக்ரூனின் அடிப்பக்கம் இருக்குமே, அந்தப் பழுப்பு நிறம்! பெட்ரோலும் காற்றும் சரியாகச் சேர்ந்தால் வரும் நிறம் அதுதான். பழைய பெரிய ஜெட்டைக் காகிதத்தில் மடித்து, “மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது இதை மாட்டிக்கொள்ளுங்கள்” என்று கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “காத்து மெலிஞ்சிருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா நீ சொன்னதுக்காக இல்ல, ப்ளக்கு சொன்னதுக்காக.”

முத்துத் துளைத்த கை

இருந்த ஒரு சின்ன ஜெட்டும் வாத்தியாரோடு போய்விட்டது. மெட்ராஸுக்கு எழுதினால் கப்பல் வரட்டும் என்று பதில் வந்தது. விசாகமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வண்டிக்கு எதை மாட்டுவது? கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் காயல்பட்டினத்து முத்து வியாபாரி ஹாஜியாரின் வண்டி, ஊரையே மறைக்கும் கரும்புகையோடு வந்து நின்றது.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், துளை பளபளவென்று, அச்சில் வார்த்ததுபோல் வட்டமாக, ஆனால் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. யார் செய்த வேலை என்று கேட்டேன். ஹாஜியாருக்கு முகமெல்லாம் பெருமை. “உப்புக்காத்துல பச்சைக் களிம்பு புடிச்சு அடைச்சிருந்துச்சு மகளே. நம்ம முத்துத் துளைக்கிற ஆளுகிட்ட குடுத்தேன். ஒரு கீறல் இருக்கா பாரு. கொஞ்சம் தாராளமாவே போடச் சொன்னேன், பெட்ரோல் நல்லா இறங்கட்டும்னு!” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெட்ரோல் இறங்கினால் போதுமா, அது எரியக் காற்று வேண்டாமா என்று பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். பாதிப் பேச்சில் வாய் தானாக நின்றது. மயிரிழை கணக்குப் பார்த்துத் துளை போடுகிற கை இந்த ஊரிலேயே இருக்கிறது. நான் மெட்ராஸுக்குக் கடுதாசி எழுதிக்கொண்டிருக்கிறேன்!

அந்தத் துளையை ஈயம் உருக்கி ஊற்றி அடைத்தேன். ஹாஜியாருடனேயே முத்துத் துளைப்பவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஜெட்டை மரக்கட்டையில் பதித்து, வில்லால் ஊசியைச் சுழற்றி, நான் கேட்டபடி துளையிட்டுத் தந்தார். முதல் துளை மிகவும் சின்னதாகிவிட்டது. பெட்ரோல் போதாமல் வண்டி கார்புரேட்டர் வழியாகத் தும்மித் தும்மி ஹாஜியாரை நடுங்கவைத்தது. அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது மக்ரூன் நிறம்! அதையே அளவாக வைத்து, பட்டறையில் கிடந்த பழைய ஜெட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், ஒன்றைவிட ஒன்று ஒரு இழை பெரிதாக ஒரு வரிசையே செய்து வாங்கினேன். அத்தனையையும் வெள்ளைத் துணியில் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டு முத்துத் துளைப்பவர் கேட்டார்: “எல்லாம் சரி புள்ள, இந்தப் பித்தளை மாலையை எந்த மாப்பிள்ளை கழுத்துல போடப் போறே?”

முறுக்கு அச்சு

விசாகத்துக்கு முந்தைய நாள் அண்ணாச்சி மனைவியோடு வண்டியை எடுக்க வந்தார். கச்சானுக்கு ஏற்ற சின்ன ஜெட்டை மாட்டியிருந்தேன். “வழியில் மழை பெய்து காற்று குளிர்ந்தால் வண்டி தும்மும். பயப்படாதீர்கள். நிறுத்தி, இந்தப் பெரிய ஜெட்டை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று நீட்டினேன். “வைகாசியில மழையாவது! ஒன் வேலை சரியில்லன்னா இப்பமே சொல்லிரு” என்றார். கோடைமழை என்று ஒன்று உண்டு என்பதை நான் நிரூபிக்க ஆரம்பித்ததும், தெரிந்த யாரையோ பார்ப்பதுபோல் தெருவுக்கு நடையைக் கட்டிவிட்டார்.

அதற்குள் பக்க வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய் அக்கா இறங்கினார். “எந்தப் பக்கம் திருகணும்?” என்றார். பெட்ரோல் குழாயை மூடுவது, அடி நட்டைக் கழற்றுவது, ஜெட்டைத் திருகி எடுப்பது, எல்லாம் காட்டினேன். வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தானே ஒரு தடவை கழற்றி மாட்டினார். ஜெட்டையும் சின்ன ஸ்பானரையும் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். “கஷ்டமாக இருந்ததா அக்கா?” என்றேன். “போ பிள்ளை, முறுக்கு உழக்குல அச்சு மாத்துததே இதைவிடச் சள்ளை.”

ஆறுமுகநேரியில் மழை

விசாகத்தன்று மத்தியானம் வரை கச்சான் கொளுத்தியது. எனக்கு ஒரே கொண்டாட்டம். மூன்று மணிக்குத் தெற்கே வானம் கறுத்தது. சற்று நேரத்தில் மழை தூத்துக்குடிக்கே வந்துவிட்டது. புழுதி அடங்கி, வாசலில் ஜில்லென்று காற்று. வேறு எந்தக் கோடையிலும் அந்தக் காற்றுக்காக ஏங்கியிருப்பேன். பட்டறைச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் நானே கொடுக்கிறேன், அவர் கேட்க வேண்டாம். “வாதாட மட்டும் தெரிஞ்சாப் போதாது, காத்திருக்கவும் தெரியணும்” என்றார் அப்பா. அவர் சொன்ன வாயை மூடவில்லை, தெருமுனையில் எஞ்சின் சத்தம். திக்கல் இல்லை, தும்மல் இல்லை. தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சீர்.

அண்ணாச்சி சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். பொன்னுத்தாய் அக்காவின் பட்டுச்சேலை முந்தானையில் கிரீஸ். மழை பிடித்ததும் ஆறுமுகநேரி உப்பளத்தருகே வண்டி தும்ம ஆரம்பித்ததாம். அக்கா நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஜெட்டை மாற்றினாராம். ஒரே உதையில் கிளம்பியதாம். “தள்ளினீர்களா?” என்று கேட்டேன். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “தள்ளல. ஆனா வண்டியைச் சரிபண்ணது இவதானே, நீ இல்லையே? பந்தயம் ஒனக்கும் எனக்கும்லா?” என்றார். பாருங்கள் அநியாயத்தை! நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று என் காரணங்களை அடுக்க வாயெடுப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தார்: “உப்பளத்து ஆளுவ அம்புட்டுப் பேரும் பாக்க, நான் ஸ்பானர் பிடிச்சேன், நீங்க எனக்குக் குடை பிடிச்சீங்க. இந்தக் கடையில பூட்டு விழுந்துதுன்னா, அந்தக் கதையை நாளைக்கு மார்க்கெட்டுல நானே சொல்லுவேன்.”

அண்ணாச்சி தலையைத் துவட்டியபடி உள்ளே வந்து, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “சாவி அந்தப் பிள்ளைகிட்டயே இருக்கட்டும். மழைக்கு இன்னொரு ஜெட்டு செஞ்சு வைக்கச் சொல்லுங்க, இவ கேக்கா.”

காற்றின் கனத்தைப் பற்றிய என் வாதத்தில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதை எஞ்சின் ஒத்துக்கொண்டது, ப்ளக் ஒத்துக்கொண்டது, அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மட்டும் பௌதிகம் போதாமல் பொன்னுத்தாய் அக்கா வேண்டியிருந்தது.