கானுக்கு இந்தப் பக்கம்

காலையில் கொட்டும் மழைக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது.

"மண் சரியலாம். மஹய்யாவ மேல் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் உடனே ஸ்கூலுக்குப் போங்க."

எங்கள் வீட்டை ஒட்டி, மழைத்தண்ணீரும் கழிவுநீரும் போகிற ஒரு கான் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் மஹய்யாவ, இந்தப் பக்கம் அஸ்கிரிய என்பது மாமியின் கணக்கு. மஹய்யாவ என்றாலே துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு என்று நினைப்பார்களாம், வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல சம்பந்தம் வராதாம். கல்யாணமாகி வந்த புதிதிலேயே, யார் கேட்டாலும் அஸ்கிரிய என்று சொல்ல என்னைப் பழக்கிவிட்டார்.

அந்தப் பக்கத்துச் செல்வி அக்கா பையோடு வந்து கூப்பிட்டார். "வாங்க தங்கச்சி, போவோம்."

மாமி அசையவில்லை. "அது அவங்களுக்குச் சொன்னது. நாம அஸ்கிரிய."

அடுப்பை அணைக்கக் குசினிக்குப் போனேன். பின்சுவரில் நேற்று இல்லாத வெடிப்பு. விரலை வைத்தேன், உள்ளே போனது. எடுத்தால் விரலெல்லாம் சேறு.

எனக்குக் கத்தத்தான் முடிந்தது. மாமி ஓடிவந்து சுவரைப் பார்த்தார். அடுத்த நிமிடம் செருப்புக்கூட இல்லாமல் ஆட்டோவின் பின்னால் ஓடினார்.

"அண்ணே, நில்லுங்க! நாங்களும் மஹய்யாவதான்!"

இப்போது ஸ்கூலில் இருக்கிறோம். மழை விடவில்லை. ஒவ்வொரு இடிக்கும் மாமி என் கையை இறுக்கிப் பிடிக்கிறார். எனக்கும் அந்தப் பிடி வேண்டியிருக்கிறது.

சுவர் மட்டும் நிற்கட்டும். நாளைக்கே நாங்கள் மறுபடி அஸ்கிரிய ஆகிவிடுவோம்.

உங்கள் வீட்டுக் கான் எந்தப் பக்கம் ஓடுகிறது?