அரக்கு நூலும் சிவப்புக் காரும்

என் மடிக்கணினியின் திரை ஓரத்தில் அரக்கு நிறப் பட்டு நூல் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதன் மேல் போட்ட ஒட்டுநாடா மஞ்சளாகிப் போனதால் மூன்று முறை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் திருஷ்டிக்கா என்று கேட்கிறார்கள். என் மாமியாரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். திருஷ்டிக்கு என்றால் கருப்புக் கயிறு அல்லவா கட்ட வேண்டும், அரக்கு எதற்கு என்றார். "இல்ல அத்தை, கலர் சரியா தெரியுதான்னு தெனம் இத வச்சுப் பாக்கணும்" என்றேன். அது திருஷ்டியைவிடப் பெரிய மூடநம்பிக்கையாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சிஸ்டம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருமணத்துக்கு முன் இரண்டு வருடம், காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஐந்து கணினிகள், ஆறு பேர். எது நின்றாலும் எல்லோரும் கூப்பிடுவது சிஸ்டம் அக்காவைத்தான். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரின் முன்னால் மூன்றடுக்கு டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு, ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் முன் வந்து நிற்பார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கணினியில் கோளாறு வந்து திரை முழுக்கப் பிழைச் செய்திகள் ஓடினால் நாங்கள் பதறுவோம். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, தறியில் அறுந்த இழையைத் தேடுகிறவரைப் போல, மேலிருந்து வரிவரியாக விரல் வைத்துக்கொண்டு வருவார். "இதோ இங்கதான் அறுந்துக்கினு இருக்குது" என்பார். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும்.

எங்கள் கணினிகளில் லினக்ஸைப் போட வைத்ததும் அவர்தான். செலவில்லை, வைரஸ் வராது என்று அவர் சொன்ன காரணங்கள் எதையும் மேனேஜர் சார் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறொரு மனக்காயம் இருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர் கணினியில் சீட்டாடிக்கொண்டே டிசைன் போட்டதில், ஒரு முந்தானை முழுவதும் மயில்களுக்குக் கால் வைக்க மறந்துவிட்டாராம். அதிலிருந்து கேம் என்ற சொல்லைக் கேட்டாலே சாருக்கு ஆகாது. "லினக்ஸ்ல கேமு ஓடாதுன்றாங்களே, நெசமா?" என்று மட்டும் கேட்டார். அக்கா கொஞ்சம் தயங்கி, "இப்போதைக்கு ஓடாது சார்" என்றார். சார் போட்டுவிடச் சொல்லிவிட்டார். அன்று முதல் கடைக்காரர்கள், வாடிக்கையாளர்கள், தண்ணீர் கேன் போட வருகிறவர் என்று யார் வந்தாலும், "நம்ம ஆபீஸ்ல லினக்ஸ். கேமு ஓடவே ஓடாது" என்று பெருமையாகச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அக்காவின் முகம் சுருங்கும். தன் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று ஊர்முழுக்கச் சொல்கிறவரைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பார்.

ஒருநாள் மதியம், "ஓடாதுன்னு இவரு யாருமா சொல்றதுக்கு?" என்று என் கணினியில் ஒரு கார் பந்தய விளையாட்டின் வட்டைச் செருகினார். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டு அது. அதை லினக்ஸில் ஓட வைக்க, இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்குப் புரிய வைக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். என் கணினியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வாடிக்கையாளர்களுக்கு நிறம் காட்டும் கணினி என்பதால் அதில் மட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்ததுதான். நான் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அக்கா வருத்தப்படுவாரோ, சொல்லாவிட்டால் வேலை போய்விடுமோ என்று இரண்டு பக்கமும் யோசித்து முடிப்பதற்குள் அவர் பாதி நிறுவி முடித்துவிட்டார்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புத் திரை வரும், போகும். இரண்டாவது வாரம் படம் வராமல் சத்தம் மட்டும் வந்தது. கறுப்புத் திரைக்குள்ளிருந்து பந்தயக் கார் உறுமியதும், உள்ளறையில் இருந்த மேனேஜர் சார் ஜன்னலைத் திறந்து, "யாருப்பா அது, வண்டிய ஆஃப் பண்ணுப்பா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். கீழே கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தவர் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டார். அதற்கடுத்த வாரம் படம் வந்தது, சத்தம் போய்விட்டது. கார் இருந்தது, சாலை இல்லை. ஆகாயத்தில் அந்தரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். "நம்ம தெருவுல மட்டும் ரோடு இருக்குதா? நாம ஓட்டிக்கினு வரல?" என்றார் அக்கா.

இதே கோளாறுகளைப் பற்றி உலகெங்கும் பலர் எழுதிவைத்திருந்த ஓர் இணையக் குழுவை அவர் விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வந்த அதே கோளாறு யாரோ ஒருவருக்கும் வந்திருக்கும். ஆவலோடு கீழே போனால், அவரே மறுநாள், 'சரியாகிவிட்டது, நன்றி' என்று முடித்திருப்பார். எப்படிச் சரியானது என்பது மட்டும் இருக்காது. அக்கா கொதித்துப் போவார். "தோ பாரு, வந்தான், அழுதான், சரியாச்சுன்னு போயிட்டான். இன்னா பண்ணேன்னு ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சிடுமா இவனுக்கு?" அப்படி எழுதாமல் போனவர்கள் எல்லோரும் எங்கள் மதிய உணவில் தினமும் திட்டு வாங்கினார்கள்.

ஒன்றரை மாதத்தில் சாலை வந்தது, சத்தமும் திரும்பியது, கார் ஓடியது. ஆனால் வட்டின் உறையில் சிவப்பாக இருந்த கார் திரையில் நீலமாக ஓடியது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலமும், நீலத்தின் இடத்தில் சிவப்பும் மாறி வந்தன. வானம் ஆரஞ்சாக இருந்தது. ஓடுகிறதே, போதும் அக்கா என்றேன். வேறு ஊர்க்காரராக இருந்தால் போதும் என்றுதான் விட்டிருப்பார். இவர் காஞ்சிபுரத்துக்காரர். "செவப்பு கேட்டவங்களுக்கு நீலத்த நெய்துட்டு, நெய்தாச்சுன்னு சொல்லுவியாமா நீ?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஒரு திருமண வீட்டார் முகூர்த்தப் புடவைக்கு நிறம் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மா உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "கருப்பு, கருநீலம் ரெண்டும் கண்ணுலயே காட்டக் கூடாதுமா. முகூர்த்தத்துக்கு ஆவாது." அரக்கு உடல், பச்சைக் கரை என்று முடிவாயிற்று. ஜரிகை எல்லாம் பிறகுதான். முதலில் உடலும் கரையும் இரண்டு பட்டைகளாகத் திரையில் தெரியும். அவர்கள் விரல் வைக்கிற நிறத்தின் எண்ணைச் சீட்டில் அச்சடித்துச் சாயப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அது என் வேலை. எண்கள் மனப்பாடம் ஆகாத காலம் என்பதால் எந்தச் சீட்டையும் மூன்று முறை திரையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பமாட்டேன். அன்றும் மூன்று முறை பார்த்தேன். அரக்கு, அரக்கு, அரக்கு. திரையின் ஒரு மூலையில் ஏதோ ஒரு பொத்தான் வழக்கமான நிறத்தில் இல்லாதது போலத் தோன்றியது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை அனுப்பிவிட்டேன்.

மதியம் டிபன் கேரியரைத் திறந்ததும் அக்கா என் காதருகே குனிந்தார். "இன்னைக்கு செவப்பா ஓடுது பாரு." ஓட்டிக் காட்டினார். காலையில் சமைத்த தக்காளித் தொக்கைப் போலச் சிவந்த கார், நீல வானத்தின் கீழே. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படி அக்கா என்றேன்.

"கேமுக்குள்ள எங்க தேடியும் அகப்படல. நேத்து சாயங்காலம் நீ ஓரிக்கை பஸ்ஸுக்குப் போனப்புறம், ஸ்கிரீனுக்கே செவப்பையும் நீலத்தையும் மாத்தச் சொல்லி ஒரு வரி போட்டுட்டேன். மெஷின் ஆன் ஆவும்போதே மாறிக்கும்."

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. திரை முழுவதும் மாறியிருக்கிறது. டிசைன் கணினியில் கண்ணை ஏமாற்றக் கூடாது என்று பின்னணியைச் சாம்பல் நிறத்தில்தான் வைத்திருப்போம், சாம்பல் மாறாது. பச்சைக் கரையும் மாறாது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் காலையில் அந்த அம்மாள் அரக்கு என்று விரல் வைத்தது கருநீலத்தின் மேல். நான் மூன்று முறை சரிபார்த்தது, பொய் சொல்லும் ஒரே கண்ணாடியில். கருநீலம் ஏறிய பட்டு நூலை மறுபடி அரக்காக்க முடியாது. "அக்கா, கல்யாணப் பொடவ" என்று மட்டும்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

சாயக்காரருக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. சாயத்தில் கை வைத்தால் போனைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிடுவார். ஸ்கூட்டரில் கிளம்பினோம். இரண்டாவது தெருவிலேயே சாமி புறப்பாடு. மேளமும் குடையுமாக, வீட்டுக்கு வீடு நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டு சாமி மெல்ல வந்துகொண்டிருந்தார். திரும்ப வழியில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி, கொஞ்சம் சீக்கிரம் நவுரு சாமி, அண்டாவுல தண்ணி கொதிச்சிக்கினு இருக்கும்" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சாமியை நகரச் சொல்லி வேண்டிக்கொள்ளலாமா, அது அபசாரமா என்று நான் யோசித்தேன். பிறகு நானும் அதையே வேண்டிக்கொண்டேன். யாரோ எங்கள் இரண்டு பேர் கையிலும் சுண்டலை வைத்துவிட்டுப் போனார்கள். அதைக் கீழே போடவும் முடியாமல் சாப்பிடவும் பிடிக்காமல், அக்காவின் பங்கையும் வாங்கிக்கொண்டு மீதி வழி முழுவதும் நான் இரண்டு கையையும் குவித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து போனேன்.

பட்டறை வாசலில் நாங்கள் மூச்சிரைக்க நின்றதைப் பார்த்து சாயக்காரர் சிரித்தார். "இன்னாமா, சுண்டல் குடுக்கவா ரெண்டு பேரும் இவ்ளோ தூரம் ஓடியாந்தீங்க?"

"அண்ணா, காலைல வந்த சீட்டுல கருநீலம்…" அக்காவால் முடிக்க முடியவில்லை.

"அதுக்கு ஏம்மா பறக்கறீங்க? கருநீலம் கடைசியிலதான். அத்த மொதல்ல போட்டுட்டா அண்டாவ எவன் தேய்க்கறது? இப்பதான் மஞ்ச முடிஞ்சிது."

அண்டாவின் பக்கத்தில் அந்தப் பட்டு நூல் கட்டு வெள்ளை வெளேரென்று கிடந்தது. அக்கா அதன் மேல் கையை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் சுண்டலைச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில், புடவைதான் தப்பிவிட்டதே, சாரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது. அக்கா வண்டியை நிறுத்தியதும் நேராக உள்ளறைக்குப் போய், கேம், நிறம், சீட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "இந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். போவணும்னா நான் போறேன்" என்றார். மேனேஜர் சார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கேமு ஓடுச்சா?"

"ஓடுச்சு சார்."

"எங்க, காட்டு."

முதல் வளைவிலேயே மரத்தில் மோதினார். "பிரேக் எங்கமா வச்சுக்கிறாங்க?" என்று கேட்டு இன்னொரு முறை மோதினார். அதன் பிறகு எழுந்து, குரலைக் கடுமையாக்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். இரண்டு பேருக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. இனி அந்தச் சனியன் பின்னறையில் கிடக்கும் பழைய கணினியில் மட்டும், அதுவும் சோறு தின்னும் நேரத்தில் மட்டும். அந்த வாரம் சாயம் ஏறி வந்த கட்டிலிருந்து அரக்கு நூலை அவரே நறுக்கி ஐந்து திரைகளின் ஓரத்திலும் ஒட்டினார். "தெனம் காலைல இத்த பாத்துட்டுதான் மெஷின தொடணும்." லினக்ஸில் கேம் ஓடாது என்று அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கேன் போடுகிறவரிடம்கூட.

அக்கா அந்த இணையக் குழுவில் தான் செய்ததை ஒரு வரி விடாமல் எழுதிவிட்டு, கடைசியில் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார்: திரை முழுவதும் நிறம் மாறும், அந்த நேரத்தில் யாரும் கல்யாணப் புடவை தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்த நாட்டுக்காரரோ நன்றி சொல்லிவிட்டு, புடவை என்றால் என்ன என்று கேட்டிருந்தார்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. போன வாரம் விடுமுறையில், பக்கத்து வீட்டில் பார்த்ததாகச் சொல்லி, கார் விளையாட்டு வேண்டும் என்றாள். திரை பார்த்தால் கண் கெடுமா, பார்க்கவிடாவிட்டால் ஏங்கிப் போவாளா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, இருபது நிமிடம் என்று கடிகாரத்தை வைத்தேன். என் மடிக்கணினியிலும் லினக்ஸ்தான். வேலையை விட்டபோது அக்கா போட்டுக் கொடுத்தது. என் பழைய திரையிலிருந்த நூலையும் அன்று அவரே எடுத்து இதில் ஒட்டினார். ஒன்றரை மாதம் ஆகும் என்ற மனநிலையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினேன். இறங்கியது, திறந்தது, ஓடியது. சாலை இருந்தது, சத்தம் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, கார் கேம் லினக்ஸ்ல ஓடுது."

"அப்படியா! இன்னாமா பண்ண?"

"ஒண்ணுமே பண்ணல. அழுத்தினேன், ஓடிச்சு."

"ஒண்ணுமே பண்ணலியா?" என்றார், சாப்பிட வந்த வீட்டில் பந்தி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டவரைப் போல. பிறகு அவரே தேறிக்கொண்டார். "எவ்ளோ பேரு உக்காந்து ஒவ்வொரு வரியா எழுதிவச்சிருப்பாங்க, பாரு" என்றார். அந்த வரிகளுக்குள் அவருடைய வரியும் எங்கோ இருக்கும் என்று நான் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வேறொன்று கேட்டுவிட்டார். "கலரு பாத்தியா?"

பார்க்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திரை ஓரத்து நூலை மெல்லப் பிரித்து, மகளின் சிவப்புக் காரின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது முறையும் வைத்தேன். மூன்றாவது முறை வைத்தபோது, "அம்மா, கைய எடும்மா, ரோடு தெரியல!" என்று மகள் கத்தினாள். எடுப்பதற்குள் கார் மரத்தில் மோதியிருந்தது.