பெர்க்மான்ஸ் பெயருக்கு ஒரு பூசை

2017 ஜூன் 18 — ரூ. 50
2017 ஜூன் 25 — ரூ. 50
2018 ஜனவரி 7 — ரூ. 100
2020 மார்ச் 22 — பூசை இல்லை
2020 செப்டம்பர் 13 — ரூ. 100
2024 ஜனவரி 7 — ரூ. 150
2024 நவம்பர் 3 — ரூ. 150
2025 ஜூலை 13 — ரூ. 150

இவை சவரியார்புரம் மதலேனம்மாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கொடுத்த காணிக்கையில் சில. நடுவில் விட்டுப்போன வாரங்களும் இதே மாதிரிதான். பங்குக் கோயிலில் காணிக்கையைக் கூட்டியபோது அவளும் கூட்டிக் கொடுத்தாள். கொரோனாவுக்காகக் கோயில் பூட்டிக் கிடந்த மாதங்களைத் தவிர ஒரு வாரமும் தவறவில்லை.

பந்தல்குடியில் இறங்கி, தூத்துக்குடி ரோட்டை விட்டுக் கிழக்கே மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் சவரியார்புரம். கிறிஸ்தவ வீடுகள் நாற்பதுக்குள். சுற்றிலும் கரிசக்காடு. ஞாயிறு காலை ஆறரைக்கு டவுனிலிருந்து பங்குச்சாமியார் வருவார். அவர் வருவதற்குள் உபதேசியார் சூசைமாணிக்கம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அன்றைய பூசை யார் யாருக்காக என்று வாசிப்பார். முதலில் உயிரோடிருப்பவர்களின் நலனுக்காக. பிறகு இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில் அது காடு வரைக்கும் கேட்கும்.

முதல் வரிசையில் ஏழு வருஷமாக ஒரு வாசகம் மாறாமல் வந்தது: “மதலேனம்மாள் தன் மகன் பெர்க்மான்ஸ் நலமாக வீடு திரும்ப.”

பெர்க்மான்ஸ் அவளுக்கு ஒரே பிள்ளை. மானாவாரியில் இரண்டு வருஷம் தொடர்ந்து பருத்தி பொய்த்தபின், வடக்கே முறுக்குக் கம்பெனி வேலைக்குக் கிளம்பினான். கல்யாணமாகி ஒன்பது மாதம். கூடப் போனவன் பக்கத்து ஊர் மாரிக்கண்ணன். ரயிலிலிருந்து பெர்க்மான்ஸ் பெண்டாட்டிக்குப் போன் பண்ணினான். “நாக்பூர் இன்னும் வரல. இங்க ஏதோ ஒரு ஸ்டேஷன். தண்ணி புடிக்க எறங்குறேன், வையி.” 2017 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான். தூங்கிப்போன மாரிக்கண்ணன் கண் விழித்தபோது வண்டி கிளம்பியிருந்தது, அவன் இல்லை; அன்றே ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னான். பத்து நாள் கழித்து மாரிக்கண்ணன் அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு சட்டை, ஒரு கைலி, கொறித்தது போக மீதி கடலை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். மாரிக்கண்ணன் இரண்டு தடவை மதலேனம்மாளை அழைத்துக்கொண்டு வடக்கே போய்த் தேடினான். பிணம் கிடைத்ததாகவும் தகவல் இல்லை, ஆள் தட்டுப்பட்டதாகவும் தகவல் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பாள். உபதேசியார் கேட்காமலே எழுதிக்கொள்வார். செவ்வாய்க்கிழமை அன்பியத்துக் குடும்பங்கள் கூடிச் சொல்லும் செபமாலையில் பெர்க்மான்ஸுக்காக ஒரு பத்துமணி, பத்து மணி உருட்டும் செபம், தனியாக ஓடும். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்து அவள் மட்டும் நான்காம் ஸ்தலத்தின் முன்னால், மாதா மகனைச் சந்திக்கிற இடத்தில், எல்லோரும் போனபிறகும் நிற்பாள். ஊருக்கு அது பழகிவிட்டது.

காட்டுக்காரி ஜெகதீஸ்வரிக்கும் பழகிவிட்டது. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். கோயிலை ஒட்டி அவளுக்கு மூன்று ஏக்கர். மதலேனம்மாள் களையெடுக்கப் போனால் கிண்டுவாள்.

“ஏக்கா, ஏழு வருசமா ஒரே சேதி. ஒங்க சாமிக்குக் காது மந்தமா? அந்தக் கொழாயக் கொஞ்சம் மேல பாத்துத் திருப்பி வைக்கச் சொல்லுக்கா.”

“ஒங்க மாரியாத்தாளுக்கு மட்டும் கேட்டுருச்சோ? மழை எங்கடி?”

“அதுவும் சரித்தேன்.” இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு குனிவார்கள்.

வீட்டில் சிரிப்பு குறைவு. மருமகள் ரோஸ்லின் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல்மில்லில் ஷிப்ட் வேலை. மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சம்பளத்தை மாமியார் கையில் கொடுப்பாள். மதலேனம்மாளுக்குக் கண்புரை எடுத்தபோது மூன்று நாள் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். இருபத்து மூன்று வயதில் வந்தவளுக்கு முப்பது ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த வாசகம் வரும்போது அவள் தலையில் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக் கொள்வாள்.

2024 ஜூலையில் பாளையம்பட்டியிலிருந்து ஒரு இடம் வந்தது. அருமைநாயகம், டெய்லர் கடை வைத்திருப்பவர், பெண்டாட்டி இறந்து இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர். ரோஸ்லினின் அம்மா மதலேனம்மாளிடமே வந்து கேட்டாள். மதலேனம்மாள் காபி போட்டுக் கொடுத்தாள். பிறகு, “அவளக் கேளுங்க மதினி. அவ சரின்னா எனக்குச் சரிதான்,” என்றாள்.

ரோஸ்லின் சரி என்றாள். ஆனால் ஒன்று சொன்னாள். “கோயில்ல தாலி கட்டுனாத்தான். ரிஜிஸ்டர் ஆபீசுல போயி எழுதிட்டு, ஞாயித்துக்கெழம எல்லாரும் வரிசையா சாமியார்கிட்ட நாக்குல நன்மை வாங்கப் போகயில நா மட்டும் பெஞ்சுல ஒக்காந்திருக்க மாட்டேன்.”

சாமியார் நல்ல மனிதர். மாமியார் மருமகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். “கோர்ட்டுல ஏழு வருஷம் ஆள் தகவல் இல்லைன்னா இறந்துட்டதா எடுத்துக்குவாங்க. திருச்சபையில அப்படி இல்லம்மா. காணோம்கிறது மட்டும் போதாது. இறந்திருப்பார்னு ஆயருக்கு உறுதியாத் தோணணும். விசாரிப்பாங்க. ஊர் என்ன நினைக்குது, வீட்டுல என்ன நினைக்கிறாங்க, எல்லாம் கேப்பாங்க.”

அதைச் சொல்லும்போது அவர் மதலேனம்மாளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வாரா வாரம் ஸ்பீக்கரில் அவன் உயிரோடிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பது அவள்தான்.

ஆகஸ்டில் ரோஸ்லின் பேரில் ஆயருக்கு மனு போயிற்று. பெற்றுக்கொண்டதாக முதல் கடிதம் செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை வந்தது. அதை வாசித்த அன்று ராத்திரி மதலேனம்மாள் சோற்றுத் தட்டை அப்படியே மூடிவைத்தாள்.

“அத்தை, நீங்க பூசைய மாத்த வேணாம். நா ஒங்கள ஒண்ணும் கேக்கல,” என்றாள் ரோஸ்லின்.

“நீ கேக்கலங்கிறதுதான் தாயி எனக்குப் பாரமா இருக்கு. கேட்டேன்னா ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவேன்.”

நவம்பர் 2, சனிக்கிழமை, கல்லறைத் திருநாள். மதலேனம்மாள் இரண்டு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றைப் புருஷன் ராயப்பு கல்லறையில் ஏற்றினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாக் கல்லறையும் யாராவது ஒருவருடையதாக இருந்தது. கடைசியில் அதையும் ராயப்பு தலைமாட்டிலேயே முதல் திரிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

அங்கிருந்து நேரே உபதேசியாரிடம் போனாள். “நாளைக்குப் பெர்க்மான்ஸ அந்தப் பக்கம் எழுதுங்கண்ணே.”

சூசைமாணிக்கத்துக்கு விளங்கவில்லை. “எந்தப் பக்கம்?”

“அதேன். அவுக அப்பா இருக்க பக்கம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “தகவல் எதுவும் வந்துச்சா?”

“இல்ல. எழுதுங்க.”

அவர் எழுதினார்.

மறுநாள் ஸ்பீக்கரில் “இறந்த பெர்க்மான்ஸ் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று வந்ததும் கோயிலுக்குள் ஒரு அசைவு ஓடியது. காட்டிலிருந்து ஜெகதீஸ்வரி தூக்குவாளியை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடிவந்தாள். பூசை முடிந்து மதலேனம்மாள் வீட்டுக்கு வரும்போது வாசலில் கூட்டம். ஆம்பளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ டீக்குச் சொல்லியிருந்தார்கள்.

“ஏக்கா, எப்ப தகவலு வந்துச்சு? எங்க கெடந்தானாம்?” ஜெகதீஸ்வரி கட்டிப்பிடித்துக் கொண்டாள்.

“தகவல் வரலடி.”

“பெறகு?”

மதலேனம்மாள் அவளை விலக்கிவிட்டு உள்ளே நடந்தாள். அதற்குள் உள்ளே பெண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டு மாரடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏழு வருஷமாக அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் அடக்கி வைத்திருந்தவர்கள். “இல்ல, நிறுத்துங்க, அப்படி இல்ல,” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை. அவள் நடுவில் போய் உட்கார்ந்தாள். பிறகு அவளும் அழுதாள். ரோஸ்லின் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நெற்றியைப் பார்ப்பதா கழுத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வாரங்களிலும் அவன் பெயர் இரண்டாம் வரிசையிலேயே வந்தது. செபமாலையில் அந்தப் பத்துமணியை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது கடிதம் டிசம்பர் 18, புதன்கிழமை வந்தது. ஜனவரியில் சாட்சி சொல்ல வரும்படி. ரோஸ்லின், மதலேனம்மாள், மாரிக்கண்ணன் மூன்று பேரும் விடியற்காலை பஸ் பிடித்து மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். மாரிக்கண்ணன் வழி முழுக்க, “நா தூங்காம இருந்திருக்கணும் பெரியம்மா,” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் இதை எட்டாவது வருஷமாகச் சொல்கிறான்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மேசையில் வேதப்புத்தகம். வயதான சாமியார் ஒருவர் கேட்டார்; கன்னியாஸ்திரி ஒருவர் எழுதிக்கொண்டார். மதலேனம்மாள் புத்தகத்தில் கை வைத்தாள்.

“உங்க மகன் இறந்துட்டார்னு நம்புறீங்களா?”

இரண்டு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்தாள். “ஆமா சாமி. செத்துட்டான்.”

“எதனால அப்படி நம்புறீங்க?”

அதற்கு அவள் பழகியிருக்கவில்லை. “உசிரோட இருந்தா வந்துருப்பான்ல.”

“சரிம்மா. பங்குப் புத்தகத்துல ஏழு வருஷம் அவர் நலனுக்காகப் பூசை வச்சிருக்கீங்க. நவம்பர்ல மாத்தியிருக்கீங்க. அப்ப புதுசா எதுவும் தெரிய வந்துச்சா?”

கை புத்தகத்தின் மேல் இருந்தது. கன்னியாஸ்திரி பேனாவோடு காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரன் குழாயைத் திறந்து குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். தண்ணி புடிக்க எறங்குறேன், வையி.

“ஒண்ணும் தெரிய வரல சாமி.”

“பிறகு ஏன் மாத்துனீங்க?”

“எம் மருமக நல்லா இருக்கணும்னு,” என்றாள்.

பேனா ஓடிற்று. சாமியார் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாக, “தண்ணி குடிக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார்.

திரும்பும்போது அவள் ரோஸ்லினிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. “நாந்தேன் கெடுத்துட்டேன் தாயி. பொய் வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல.” ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பஸ் திருப்பத்தில் சாய்ந்தபோது மாமியாரின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை ஊர் வரும்வரை விடவில்லை.

ஈஸ்டர் போயிற்று. அருமைநாயகம் சித்திரை வரைக்கும், பிறகு வைகாசி வரைக்கும் பொறுத்திருந்தார். பள்ளிக்கூடம் திறந்ததும் அவர் தங்கச்சி போன் பண்ணினாள். “தப்பா நெனைக்காதீக. சின்னஞ்சிறுசு ரெண்டக் கையில வச்சிக்கிட்டு அண்ணன் எத்தன நாளைக்குத்தேன் கெடப்பாக.” ரோஸ்லின், “தப்பா நெனைக்க என்ன இருக்கு,” என்று சொல்லிவிட்டு, மில் வேன் வந்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்தாள். அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை.

அதற்குப் பிறகுதான், 2025 ஜூலை 9, புதன்கிழமை, கடைசிக் கடிதம் வந்தது. சாமியாரே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். நீண்ட நாள் காணாமல் இருப்பது ஒன்றே சான்றாகாது. இறப்பை உறுதிசெய்யும் வேறு தகவல் இல்லை. தாயின் சாட்சியத்திலும் அது கிடைக்கவில்லை. புதிதாக ஏதேனும் கிடைத்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரருக்காக மன்றாடுவதாகவும் எழுதியிருந்தது. ரோஸ்லின் அதை வாங்கி, நான்காக மடித்து, சவேரியார் படத்துக்குப் பின்னால் செருகினாள். “காப்பி குடிக்கிறீகளா சாமி?” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மதலேனம்மாள் வழக்கம்போல நூற்றைம்பது ரூபாயோடு வந்தாள்.

சூசைமாணிக்கம் நோட்டை விரித்துவைத்துக் காத்திருந்தார். “எந்தப் பக்கம்மா எழுத?”

“ஒரு பக்கமும் வேணாம்ணே. பேர மட்டும் வாசிங்க.”

“அப்படி வாசிக்க முறையில்லையே, மதலேன்.”

“முறை எனக்குத் தெரியாது. அவன் எங்க இருக்கானோ அங்க போயிச் சேரட்டும்.” பிறகு, “ரோஸ்லின் பேருக்கும் ஒண்ணு சொல்லணும்,” என்றாள்.

“தாராளமா. என்ன கருத்துன்னு எழுத?”

அவள் வாயெடுத்தாள். அவளுக்கு நல்வாழ்வு அமைய என்று கேட்டால், மகன் செத்திருக்க வேண்டும் என்று கேட்பதாகும். அவள் புருஷன் திரும்பி வர என்று கேட்டால், போன வாரம் வரைக்கும் அவனைச் செத்தவனாக வைத்துக் கேட்டதெல்லாம் என்ன? உபதேசியாரும் யோசித்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகப் பூசைக் கருத்து எழுதுகிற அவருக்கும் இதற்கு ஒரு வாசகம் கிடைக்கவில்லை.

“இருக்கட்டும்ணே. ரெண்டு பேரையும் சேத்தே வாசிங்க,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஞாயிறு காலை ஸ்பீக்கரில், “பெர்க்மான்ஸ், ரோஸ்லின்” என்று வந்தது. காட்டில் நின்ற ஜெகதீஸ்வரி மீதியைக் கேட்க நிமிர்ந்தாள். அதற்குள் அடுத்த காணிக்கைக்காரர் பெயர் வந்துவிட்டது.