சீல் அக்காவின் பட்டியலில் ஏழாவது பெயர்

கல்லூரி மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் எட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சீல் அக்கா’. அவள் கல்லூரி ஊழியர் இல்லை. கல்விக் கடன் விண்ணப்பங்களைக் கவனிக்கும் தனியார் நிறுவனம் ஒன்று அவளை அங்கே உட்கார வைத்திருந்தது. மாணவர்கள் நீட்டும் காகிதங்களைச் சரிபார்ப்பாள், கல்லூரியின் சான்று வாங்கிச் சீல் குத்துவாள், கடன் கொடுப்பவர்களுக்கு அனுப்புவாள். கடன் வாங்கியவர்களில் யார் படிக்கிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று பருவத்துக்கு ஒரு முறை பட்டியல் அனுப்புவதும் அவள் வேலை. நின்றுவிட்டால் மறு மாதமே தவணை ஆரம்பித்துவிடும். படித்தவர் கட்டாவிட்டால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. யாராவது படியிறங்கினால் தலைக்குள்ளேயே நடப்பது போலிருக்கும். அங்கிருந்து தப்பிக்கத்தான் இரண்டு வருடம் மாலை வகுப்பில் சைகை மொழி கற்றாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்று அவளை எடுத்துக்கொள்வதாகக் கடிதமும் அனுப்பிவிட்டது. முதல் வருடம் பாதிச் சம்பளம். வீட்டில் அவளும் தம்பியும்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சமாளித்துவிடலாம் என்று ராஜினாமாவை எழுதிப் பையில் வைத்திருந்தாள்.

அந்த வாரம்தான் கல்லூரி அலுவலகத்திலிருந்து அந்தப் பருவத்துப் பட்டியல் வந்தது. படிப்பை நிறுத்திய பதினோரு பேரில் ஏழாவது பெயர் அவள் தம்பியுடையது. அப்பா அம்மா இல்லாத வீடு. அவன் கடனுக்கு ஜாமீன் போட்டதும் அவள்தான்.

நேராக அவன் படிக்கும் துறையின் எழுத்தரிடம் போனாள். “தப்பா வந்திருக்கு சார். தினமும் எனக்கு முன்னாடியே கிளம்பிப் போறான்.”

எழுத்தர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “கிளம்புறான் சரிம்மா. இங்க வந்து சேரலையே. மூணு மாசமா ஆளையே காணோம்.”

சாயங்காலம் தம்பி வந்து ஷூ லேசை அவிழ்க்கும்போது கேட்டாள். “இன்னைக்கு கிளாஸ்ல என்னடா நடத்தினாங்க?”

“வழக்கம்போலதான்.”

“என்ன வழக்கம்? பட்டியல் என் மேசைக்குத்தான்டா வரும். அதுகூடவா மறந்துட்ட?”

அவன் நிமிரவில்லை. “மறக்கலக்கா. என்னைக்கு வரும்னு நாள் எண்ணிட்டுதான் இருந்தேன்.”

ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றிருந்தான். வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்றே புரியாமல் தானும் சிரித்திருக்கிறான். முதல் இரண்டு மாதம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து பொழுதைத் தள்ளினான். இப்போது ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“வேற யாராவது ஜாமீன் போட்டிருந்தா மொத ஆளா உங்கிட்டதான்க்கா சொல்லியிருப்பேன்.”

பட்டியலை அனுப்ப மூன்று நாள் இருந்தது. ‘தற்காலிக விடுப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறித்தால் ஒரு வருடத்துக்குத் தவணை வராது. போன வருடம் ஒரு தாய் கண்ணாடி ஓட்டை வழியே கையை விட்டு, இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இதையேதான் கெஞ்சினாள். “என் கையில எதுவும் இல்லம்மா” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தன் நிறுவன மேலாளரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் பொல்லாதவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். “விடுப்புன்னு போட்டுக்கம்மா, நான் கண்டுக்கல. ஆனா நீ மட்டும் வேலைய விட்டுடாத. புதுசா வர்றவங்க பழசையெல்லாம் கிளறுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்.”

பொய்யை எழுதினால் அதைக் காவல் காக்க இங்கேயே இருக்க வேண்டும். உண்மையை எழுதினால் தவணை கட்ட இங்கேயே இருக்க வேண்டும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கடைசியில் அந்தப் படிக்கட்டின் அடியில்தான் வந்து நின்றது.

மூன்றாம் நாள் மதியம் பதினோரு பேருக்கும் ‘நின்றுவிட்டார்’ என்றே குறித்தாள். ஏழாவது பெயரில் மட்டும் கையை எடுத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். துணிச்சல் ஒன்றும் இல்லை. அந்தத் தாயின் பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது, அவ்வளவுதான். ராஜினாமாவை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

தம்பியின் கிடங்குக் கூலி தவணைக்குப் போதவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ‘அன்புள்ள பிணையாளர் அவர்களுக்கு, இதை ஒரு சுமையாக நினைக்க வேண்டாம்’ என்று ஆரம்பித்தது. பழைய கடிதம் கடுமையாக இருக்கிறதென்று நான்கு வருடத்துக்கு முன் அவளே எழுதிக் கொடுத்த வாசகம் அது. மேலாளர்கூட அப்போது பாராட்டினார். அடுப்படியில் நின்று படித்தபோது, எழுதியவள் எதிரில் இருந்தால் ஓர் அறை விட்டிருப்பாள்.

ஒன்பது வருடத் தவணை. முடியும்போது அவளுக்கு நாற்பத்து நான்கு ஆகியிருக்கும். அந்தப் பள்ளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் போனை எடுக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி கேட்டான். “அந்த ஸ்கூல் வேலை என்னாச்சுக்கா?”

“வேற ஆள் எடுத்துட்டாங்க.”

நம்பினானா என்று அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் எழுந்து இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். கழுவி முடித்த பிறகும் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.