ஈயம் வைத்த மூன்று இணைப்புகள்

ஜப்பான்காரன் காலத்தில் எனக்குக் கிடைத்த வேலை, இன்னொருவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. சண்டைக்கு முன்பு மலாக்காவில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் குழாய்களைச் சோதிப்பவனாக இருந்தேன். தொழிற்சாலையை மூடிவிட்டதால் காஜா பெராங்கில் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் ஒரு சிப்பாய் வந்து, "ஐஸ் ஆள் யார்?" என்று மலாயில் கேட்டான். மண் கையோடு அவன் பின்னால் போனேன்.

சாலையோரத்தில் ஒரு தோட்ட முதலாளி விட்டுவிட்டு ஓடிய பங்களாவைச் சிப்பாய்களின் மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அதன் தலைவர் ஒரு ராணுவ டாக்டர். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, அரைகுறை மலாய். அறுவை செய்யும் அறையில் வியர்வை நோயாளியின் புண்ணிலேயே சொட்டுகிறதாம். அதனால் சிங்கப்பூரில் எங்கோ கழற்றிய குளிர்காற்று இயந்திரம் ஒன்றை லாரியில் ஏற்றிவந்து வராந்தாவில் போட்டிருந்தார்கள். குழாய்களைப் பொருத்த ஏற்கெனவே ஒருவனைப் பிடித்தாகிவிட்டது. அவன் வைக்கும் இணைப்புகள் சரியா என்று பார்ப்பது என் பொறுப்பு. மொத்தம் பன்னிரண்டு இணைப்புகள்.

"ஒன்று ஒழுகினாலும் செய்தவன், பார்த்தவன், இரண்டு பேரும்" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே விரலை நீட்டி என் கழுத்தை லேசாகத் தொட்டார்.

அந்த இயந்திரத்தில் ஓடுவது கந்தக நெடியடிக்கும் வாயு. வராந்தாவில் கசிந்தாலும் இயந்திரம் அதைக் காற்றோடு அறைக்குள் ஊதிவிடும். மூடிய அறைக்குள் அது வந்தால் ஆள் எழுந்து கதவைத் தேடுவதற்குள் மூச்சு அடைத்துவிடும். ஆகவே செப்புக் குழாய்களை வெள்ளி கலந்த பற்றுக் கம்பியால்தான் இணைக்க வேண்டும். நம் பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதுவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். ஈயப் பற்று கூடாது. சூடேறிக் குலுங்கும் குழாயில் ஈயம் சில வாரம்கூடத் தாங்காது.

பொருத்துபவன் எங்கள் பக்கத்துச் செட்டிக் கிராமத்து ஆள். என்னைவிட நாலைந்து வயது இளையவன். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம் அவர்கள். சாமி எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், பேச்சு மட்டும் வேறு. அவனுக்குத் தமிழில் உறவுப் பெயர்களும் பூஜைச் சாமான்களின் பெயர்களும்தான் தெரியும். நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம், இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். சண்டைக்கு முன்பு கார் ரேடியேட்டர்களுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

மூன்றாம் நாள் போனபோது பன்னிரண்டு இணைப்புகளும் முடிந்திருந்தன. எல்லாவற்றின் மேலும் கறுப்புச் சாயம்.

"எதற்குச் சாயம்?"

"துருப்பிடிக்காமல் இருக்க, பாங்." அண்ணன் என்பதற்கு மலாயில் அப்படி.

செம்பு துருப்பிடிக்காது. பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினேன். ஒன்பது இணைப்புகளில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. இயந்திரத்தை ஒட்டிய சூட்டுக் குழாயில் இருந்த மூன்றில் மட்டும் அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. சாம்பல் நிறச் சுருள்கள் என் கால்விரலில் விழுந்தன.

"இது ஈயம்."

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "கொடுத்த வெள்ளிக் கம்பி ஒன்பதுக்குத்தான் வந்தது. தீர்ந்துவிட்டது என்று போய்ச் சொன்னால் நான் திருடிவிட்டேன் என்பார்கள். நீங்கள் ஜப்பான்காரன் ஆளா, நம்ம ஆளா?"

டாக்டரிடம் இன்னும் ஒருநாள் ஆகும் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, அதையும் நின்றபடியே தின்றேன்.

"கொஞ்சம் உட்காருங்களேன். தரை தேஞ்சிடும் போல" என்றாள் என் மனைவி.

நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லிட்டா அந்த ஆளு கதி என்னாங்க?"

"சொல்லாட்டி அந்த ரூம்ல படுத்திருக்கிறவன் கதி?"

"படுத்திருக்கிறது ஜப்பான்காரன்தானே" என்றாள் தணிந்த குரலில். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "ஆனா கூட்டித் தொடைக்கப் போறது நம்ம வரிசை வீட்டுப் பொம்பளைங்க இல்ல?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் செட்டிக் கிராமத்துக்குப் போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். "அந்த மூன்றையும் அறுத்துவிட்டுத் திரும்ப வை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இதற்குச் சரி என்று சொல்லமாட்டேன்" என்றேன். "வெள்ளியை நீங்கள் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான்.

அன்று அவன் வேலைக்கு வரவில்லை. ஓடிவிட்டான் என்றே நினைத்தேன். டாக்டர் இரண்டு முறை வராந்தாவுக்கு வந்து பார்த்தார். மூன்றாம் முறை, "எங்கே அவன்?" என்றார்.

"வெங்காரம் தேடிப் போயிருக்கிறான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பற்றுவைக்குமுன் தடவும் பொடி அது, அவருக்குப் புரியவில்லை. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அறைந்தபிறகு அமைதியாக, "நாளை மாலை" என்றார். எனக்கு வலிக்கவில்லை. நாளை மாலைக்குள் என்ன செய்வது என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில், டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளில் அவன் வந்து இறங்கினான். முகம் கறுத்திருந்தது. வாழை இலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தான். உள்ளே மெல்லிய வெள்ளித் தகடுகள், நறுக்கியவை. ஒரு காகிதத்தில் வெங்காரப் பொடி. நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

"ஏது?"

"என் மனைவி கெபாயாச் சட்டையில் பொத்தானுக்குப் பதில் குத்தும் மூன்று வெள்ளி ஊசிகள், சங்கிலியோடு. அவள் தாய்வீட்டுச் சீர். உஜோங் பாசிரில் ஒரு பத்தர் பித்தளை சேர்த்து உருக்கிக் கொடுத்தார்." பிறகு, "அவள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை" என்றான்.

மூன்று இணைப்புகளையும் அறுத்தோம். ஈயம் பட்ட முனைகளை முழுக்க வெட்டியெறிந்தோம். துளி ஈயம் தங்கினாலும் வெள்ளி பிடிக்காது. செம்பு பளபளக்கும்வரை மணலால் தேய்த்தான். வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, சுற்றிக் கரி அடுக்கி, டாக்டர் அளந்து கொடுத்த மண்ணெண்ணெயில் ஊதுவிளக்கைப் பற்றவைத்தான். பற்றவைத்ததும் பழைய பழக்கத்தில் தீயைத் தகட்டின்மேல் காட்டினான்.

"தகட்டைச் சுடாதே. குழாயைச் சுடு. குழாய் சிவந்தால் வெள்ளி தானாகவே உருகி உள்ளே ஓடும்."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினான். ஆனாலும் தீயைத் திருப்பினான். குழாய் மங்கலாகச் சிவந்தது. தகடு தொட்டதும் ஒரு கண் சிமிட்டலில் வெள்ளி வளையமாகச் சுற்றி இடுக்குக்குள் மறைந்தது. அப்படி இரண்டு முடிந்தன. இரண்டாவதில் கரி சரிந்து அவன் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மூன்றாவது இணைப்பு சுவரோரம், கை நுழையாத மூலை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஊதுவிளக்கை வாங்கி அதை நானே வைத்தேன். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

குழாய்க்குள் காற்றை ஏற்றினோம். என் மனைவியிடமிருந்த கடைசிச் சோப்புத் துண்டை நுரைத்து இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். ஒன்பதும் சரி. அவன் புதிதாக வைத்த இரண்டும் சரி. மூலைக்குப் போகும்போது அவன் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினான்.

"அது நீங்கள் வைத்தது. அதை நான் பார்க்கிறேன்."

நுரையைத் தடவிவிட்டுக் காத்திருந்தான். அடிப்பக்கத்தில் ஒரு குமிழி. அது மிளகளவுக்குப் பெருத்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

அவன் சிரிக்கத் தொடங்கினான். கொப்பளித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பின்பக்கம் தேய்க்கவில்லையா, பாங்?"

தேய்க்கவில்லை. கை எட்டவில்லை, அவசரத்தில் விட்டுவிட்டேன். சரிபார்க்கிறவனைச் சரிபார்க்க அன்று ஒருவன் இருந்தான். இல்லையென்றால் நான் வைத்தது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சரி என்று சொல்லியிருப்பேன். மிச்சம் கிடந்த வெள்ளித் துணுக்குகளைப் பொறுக்கி, அவன் ஈரத்துணியால் குழாயைப் பிடித்துக்கொள்ள, முழுக்கத் தேய்த்துத் திரும்ப வைத்தேன். குமிழி வரவில்லை.

மாலையில் இயந்திரம் ஓடியது. டாக்டர் அறைக்குள் காற்று வரும் இடத்துக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, "சரியா?" என்று என்னைக் கேட்டார்.

"சரி."

எங்கள் இருவருக்கும் ஜப்பானிய எழுத்துப் பொறித்த துணிக் கைப்பட்டை ஒவ்வொன்று கொடுத்தார். மருத்துவமனை இயந்திர ஆள் என்று அதற்கு அர்த்தமாம்.

அதன் மதிப்பு சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில்பாதைக்குக் கூலி ஆள் பிடிக்க லாரிகள் வந்தன. எங்கள் வரிசையில் வீடு வீடாக ஆண்களை வெளியே இழுத்து நிறுத்தினார்கள். என் கைப்பட்டையைப் பார்த்த சிப்பாய் என்னை ஒதுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அந்த வீட்டுப் பெண் மருத்துவமனையில் கூட்டித் துடைப்பவள். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் துணி ஒண்ணு வாங்கித் தாங்கண்ணே. டாக்டர் நீங்க சொன்னா கேப்பாரு."

பங்களாவுக்கு ஓடினேன். டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "இயந்திரம் ஒன்று. ஆள் இரண்டு. போதும்" என்றார். நான் திரும்பி வருவதற்குள் லாரி போய்விட்டிருந்தது.

அவள் வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுவாரமே வேலைக்கு வந்தாள். அறுவை அறையை அவள் கூட்டும்போதெல்லாம் நான் எதையாவது சாக்கிட்டு வெளியே போய்விடுவேன். சும்மா நிற்கவும் முடியாது, நடக்கவும் இடமிருக்காது. உள்ளே துடைப்பம் ஓயும்வரை வராந்தாவில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருப்பேன்.